சாப்பிட்டுட்டுப் போங்களேன்

மின்சார மீட்டர் பார்க்க வந்த மனிதரைச் சோறு சாப்பிட வைத்து அனுப்பிய அன்றுதான், சித்தியைப் பற்றி அம்மாவுக்கு முதற் பயம் வந்தது. சித்தப்பா சித்தியைக் கலியாணம் செய்து கூட்டி வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அவர்களுடைய வீட்டுக்குக் கூரை போட்டு முடியாததால் இருவரும் எங்களோடுதான் இருந்தார்கள். அம்மா கிணற்றடியில் குளித்துவிட்டு வந்து பார்த்தால், குசினி வாசலில் கதிரை போட்டு முன்பின் தெரியாத ஒருவர் இருக்கிறார். அப்பாவுக்கென்று எடுத்து வைத்த முருங்கைக்காய்க் கறி அவருடைய சோற்றுக் கோப்பையில் இருக்கிறது.

"ஆர் பிள்ளை இவர்?" என்று அம்மா சித்தியிடம் மெல்லக் கேட்டார்.

"மீட்டர் பாக்க வந்தவங்க அக்கா. வேர்த்துக் கொட்டுது பாவம். சாப்பிட்டுட்டுப் போங்களேன்னு சொன்னேன்."

வந்தவர் அரைவாசி எழும்பி நின்றுகொண்டு, "நான் வேண்டாமெண்டுதான் சொன்னனான் அம்மா. இவா விடேல்லை" என்றார். சொல்லிவிட்டு மறுபடி இருந்து சாப்பிட்டார்.

அதன் பிறகு எங்கள் முரசுமோட்டை வீட்டில் யார் எப்போது இருந்து சாப்பிடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாமல் போனது. முல்லைத்தீவு பஸ்ஸில் சித்திக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி, தான் தேடிப் போகும் உறவுக்காரர் வீட்டில் இல்லையாம் என்று சொன்னதற்காக, எங்கள் வீட்டில் ஓர் இரவு தங்கிவிட்டுப் போனார். இன்னொரு நாள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவர் குனிந்து எங்கள் தேங்காயைச் சாக்கில் போடுவதைச் சித்தி கண்டுவிட்டார். வேறு யாராக இருந்தாலும் கத்தியிருப்பார்கள். சித்தி வேலியால் எட்டிப் பார்த்து, "அது முத்தின காய், எண்ணெய்க்குத்தான் சரி. உள்ள வாங்களேன், இளநி இருக்கு" என்றாராம். அந்த மனிதர் சாக்கையும் போட்டுவிட்டு ஓடியதாகச் சித்தி வருத்தத்தோடு சொன்னார். அவருக்கு வருத்தம் தேங்காயைப் பற்றியது அல்ல. அந்த மனிதர் ஓடியதைப் பற்றியது.

"இவளுக்கு இருக்கிறது வாயில்லை, வேலிப் படலை. பூட்டத் தெரியாது" என்பார் சித்தப்பா. சொல்லும்போது சிரிப்பார். அவருக்கு அது பெருமை என்று எங்களுக்குத் தெரியும்.

ஏன் இப்படி எல்லோரையும் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் சித்தியிடம் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பதில் இருக்கும். என்னிடம், தனியாகச் சாப்பிட்டால் சோறு தொண்டையில் நிற்கிறது என்றார். அக்காவிடம், தனக்குக் கணக்குப் பார்த்து அரிசி போடத் தெரியாது, மிஞ்சுவதை என்ன செய்வது என்றார். அம்மா ஒருநாள் கொஞ்சம் கோபமாகவே கேட்டபோது, "தெரியல அக்கா. மூஞ்சியப் பாத்தா வாய் வந்துடுது" என்றார். அதுதான் உண்மையாக இருக்கும் என்று நினைக்கிறேன். கொழும்பில் நான் இப்போது இருக்கும் மாடியில் பக்கத்து அறைக்காரரின் பெயர் எனக்குத் தெரியாது. சித்தியாக இருந்தால் அவருடைய பிள்ளைகளின் பிறந்தநாளுக்குக் கேக் அடித்து முடித்திருப்பார்.

சித்தியின் பேச்சு எங்களுடையதைப் போல இருக்காது. அவருடைய தாய் தகப்பன் மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியிருந்தவர்கள். சித்தி பிறந்தது கிளிநொச்சியில்தான். ஆனாலும் வீட்டுப் பேச்சு நாக்கில் நின்றுவிட்டது. 'ஓம்' என்று தொடங்கி 'வாங்க' என்று முடிப்பார். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்து நீரையும் வயலையும் நம்பி வந்த குடும்பம். சித்தப்பா நெல் அறுக்கும் அருவி வெட்டுக் காலத்தில் சித்தியைக் கண்டு விரும்பியபோது எங்கள் வீட்டில் ஒருவரும் மறித்துச் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் ஒருவரும் ஓடிப்போய்ச் செய்தும் வைக்கவில்லை. கோயிலில் தாலி கட்டினார்கள். அவ்வளவுதான்.

அம்மா சித்தியைப் பெரிதாகக் கடிந்து பேசியதில்லை. சுகமில்லாத நேரம் கஞ்சி வைத்துக் கொடுத்திருக்கிறார். ஆனாலும் வெளி ஆட்கள் வரும் நாட்களில் சித்தி பேசத் தொடங்கினால் அம்மா இடையில் புகுந்து வேறு கதை எடுப்பார்.

அக்காவுக்கு ஒரு கலியாணப் பேச்சு வந்தது. அக்கா கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தாள். முப்பது வயது கடந்திருந்தது. மாப்பிள்ளை முல்லைத்தீவு. தாயும் மகனும் எங்கள் வீட்டுக்கு வந்து பார்த்தார்கள், பிடித்தது என்றார்கள், நாள் பார்ப்போம் என்றார்கள். அவர்கள் வந்த அன்று சித்தியும் சித்தப்பாவும் வவுனியாவில் சித்தியின் தம்பி வீட்டுக்குப் போயிருந்தார்கள். அதனால் அவர்களைச் சித்தி கண்டதே இல்லை.

சில வாரங்களில் தரகர் வந்து வேண்டாமாம் என்றார். ஏன் என்று அப்பா கேட்டார். தரகர் முதலில் இழுத்தார். பிறகு, "உங்கடை குடும்பத்துக்குள்ளை மலைநாட்டுச் சம்பந்தம் ஒண்டு கிடக்காம். தாய்க்காரிக்கு அது மனமில்லையாம்" என்றார். அக்கா உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். நானும் கேட்டேன். சித்தி ஓடி வந்து என்ன ஆயிற்று என்று விசாரித்தபோது அம்மா, "சாதகம் பொருந்தேல்லை பிள்ளை" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அக்கா லீவு போட்டுவிட்டு அறைக்குள் கிடந்தாள். யார் வந்தாலும் கதவு திறக்க மாட்டாள். ஊரில் ஒவ்வொருவரும் வந்து ஆறுதல் சொல்வது அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு நாளைக்கெண்டாலும் ஒருதற்றை முகமும் பாராமல் இருக்கவேணும் அம்மா" என்றாள். அப்பாதான், மீன் பிடிக்கக் குளத்துக்குப் போவோம் என்று சொன்னார். வயல்களைத் தாண்டி, காட்டோரமாக ஒரு சின்னக் குளம் இருக்கிறது. குளக்கட்டில் ஒரு பிள்ளையாரும் சில மருத மரங்களும் தவிர அங்கே ஒன்றும் கிடையாது. வாரநாளில் போனால் ஆளே இருக்காது.

காலையில் சித்தப்பாவின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரப் பெட்டியில் சட்டி பானை, அரிசி, தூண்டில் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. ஏறுவதற்கு முன் அம்மா சித்தியின் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"பிள்ளை, இண்டைக்கு எங்கடை ஆக்கள் மட்டும். வழியிலை ஒருதரையும் கூப்பிடக்கூடாது. விளங்குதோ?"

"ஓம் அக்கா. சத்தியமா" என்று சித்தி தன் தலையில் கை வைத்தார்.

அந்தப் பயணத்தில் சித்தி பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். முதற் சந்தியில் பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண் கையைக் காட்டி, "எங்கை, குடும்பமாய் வெளிக்கிட்டாச்சு?" என்று கேட்டாள். சித்தி சேலைத் தலைப்பை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். அடுத்த வளைவில் வாய்க்கால் ஓரம் வயற்காரர்கள் இரண்டு பேர் வெறும் தேநீரோடு இருந்தார்கள். சித்தி முழுவதுமாகத் திரும்பி மற்றப் பக்கம் பார்த்தார். "பாக்காட்டி வாய் வராது" என்று எனக்குக் காதில் சொன்னார். அக்காவுக்குக்கூட உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

குளம் அன்றைக்கு அழகாக இருந்தது. மாரி மழை நன்றாகப் பெய்து ஓய்ந்த காலம். வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிடும் துருசடி வரை தண்ணீர் நின்றது. கரையோரம் முழுக்கத் தாமரை. அப்பா பழைய செருப்பில் வெட்டிய மிதப்பைக் கட்டி, மண்புழு கோத்து, மருத நிழலில் இருந்துவிட்டார். மணிக்கணக்கில் பேசாமல் இருப்பதற்கு ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம் அவர் முகத்தில் தெரிந்தது. சித்தப்பா இடுப்பளவு தண்ணீரில் வலை வீசி யப்பான் மீன்களை அள்ளினார். அக்கா ஒரு கல்லில் இருந்து காலைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு தூண்டில் போட்டாள். சின்ன மீன்கள் காலைக் கொத்த, முதலில் உதறினாள், பிறகு விட்டுவிட்டாள்.

நானும் சித்தியும் கட்டு நெடுக நடந்தோம். உடைந்த பழைய துருசு ஒன்றைக் கண்டுபிடித்தோம். அதற்குள் ஓர் ஆமை இருந்தது. காட்டு ஓரத்தில் யானை இலத்தி கிடந்தது. சித்தி காலால் தட்டிப் பார்த்து, "பழசு. பயமில்ல" என்றார். யானை அங்கே நின்றிருந்தாலும் ஒரு வாழைப்பழத்தைக் காட்டிக் கூப்பிட்டிருப்பார் என்று நான் சொல்ல, முதுகில் ஓர் அடி போட்டார்.

திரும்பி வந்து மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். சித்தியின் மீன் குழம்பில் உள்ளியும் மிளகும் தூக்கலாக இருக்கும். அம்மா சோற்றை வடித்தார். கோப்பை கொண்டுவர மறந்துவிட்டோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அதனால என்னா, தாமரை இலை இருக்கே" என்று சித்தி பிள்ளையார் பக்கம் நடந்தார். அந்தப் பக்கத்தில்தான் இலைகள் பெரிதாக இருந்தன. நான் அடுப்படியில் நின்றுவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் குளக்கட்டில் சித்தி வருவது தெரிந்தது. மார்போடு ஒரு கட்டு இலை அணைத்திருந்தார்.

"ஆறு பேருக்கு இவ்வளவு இலை எதுக்கு?" என்று அம்மா சொல்லி வாய் மூடவில்லை, சித்திக்குப் பின்னால் ஆட்கள் வருவது தெரிந்தது. பட்டுச் சேலை உடுத்த ஒரு பெண்மணியைச் சித்தி கையில் பிடித்துக் கூட்டி வந்தார். பின்னால் வெள்ளைச் சேர்ட்டும் வேட்டியுமாக ஓர் இளைஞர்.

மாப்பிள்ளையும் தாயும்.

"கோவிக்காதீங்க அக்கா" என்று தூரத்திலேயே தொடங்கிவிட்டார் சித்தி. "நான் சும்மா கூப்பிடல. இவங்க புதுசா வாகனம் எடுத்திருக்காங்களாம், இந்தப் பிள்ளையாருக்கு நேர்த்தி வச்சுத் தேங்காய் உடைக்க முல்லைத்தீவுல இருந்து வந்தாங்களாம். காலையில இருந்து பச்சத் தண்ணி குடிக்கல. குடிக்கத் தண்ணி இருக்கான்னு கேட்டாங்க. கேட்டவங்களுக்கு வெறும் தண்ணியக் குடுத்து அனுப்புறதா?"

தாய்க்காரி எங்களைக் கண்டுவிட்டார். நடை அப்படியே நின்றது. திரும்பிப் போகலாம் என்றால் கை சித்தியிடம் இருந்தது. அப்பா மிதப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அக்கா காலைத் தண்ணீரிலிருந்து எடுத்துப் பாவாடையை இழுத்துவிட்டாள். பிறகு எங்களுக்கு முதுகு காட்டித் திரும்பி இருந்துகொண்டாள்.

அம்மா கையைச் சேலையில் துடைத்தார். பசியோடு வந்தவர்களைப் போகச் சொல்ல அவரால் முடியாது.

"வாங்கோ. இருங்கோ" என்றார்.

சித்தி இலை விரித்தார், சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், மீன் துண்டில் முள் குறைந்ததாகப் பார்த்து வைத்தார். வாகனம் என்ன நிறம், முல்லைத்தீவில் வீடு கடற்கரைப் பக்கமா, மகனுக்குக் கலியாணம் ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டே போட்டார். கடைசிக் கேள்வி வந்தபோது நான் அடுப்பை ஊதினேன். அது நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

தாய்க்காரி குனிந்தபடி சாப்பிட்டார். பசி உண்மையான பசிதான். இரண்டாம் முறை குழம்பு வாங்கினார். ஏதாவது பேசவேண்டும் என்பதற்காகவோ என்னவோ, "நல்ல ருசி" என்றார். பிறகு சித்தியைப் பார்த்து, "நீங்கள் எவடம் பிள்ளை? கதை வேறை மாதிரிக் கிடக்கு" என்றார்.

"நான் கிளிநொச்சியிலதாங்க பொறந்தேன். அப்பா அம்மா அட்டன் பக்கம்" என்றார் சித்தி, கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரித்தபடி.

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. எல்லோரும் அந்தக் கையைத்தான் பார்த்தோம். சித்தி மட்டும் முள் மாட்டிவிட்டதாக நினைத்து, "தண்ணி குடிங்க, தண்ணி குடிங்க" என்று செம்பை நீட்டினார்.

அம்மா எழும்பி வந்து சித்திக்குப் பக்கத்தில் நின்றார்.

"இவா இவற்றை தம்பியின்ரை மனிசி" என்றார், அப்பாவைக் காட்டி. குரல் பெரிதாக இல்லை. "எங்கடை வீட்டு மருமகள். நீங்கள் தரகரிட்டைச் சொல்லிவிட்ட ஆள் இவாதான். குழம்பும் இவாதான் காய்ச்சினது. பிடிச்சாச் சாப்பிடுங்கோ. இல்லாட்டிக் கையைக் கழுவுங்கோ."

சித்தி செம்போடு நின்றார். அம்மாவைப் பார்த்தார், அந்தப் பெண்மணியைப் பார்த்தார், அக்காவின் முதுகைப் பார்த்தார். ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டு வருவது முகத்தில் தெரிந்தது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

தாய்க்காரி எழும்பிக் குளத்தடிக்குப் போய்க் கை கழுவினார். மகன் எழும்பவில்லை. குனிந்தபடி இலையில் மிஞ்சியதைச் சாப்பிட்டு முடித்தார். பிறகு இலையை மெல்ல முன்னால் தள்ளி, "இன்னும் கொஞ்சம் சோறு போடுங்கோ அன்ரி" என்றார்.

அக்கா சிரித்துவிட்டாள். வாரக்கணக்காகச் சிரிக்காதவள், கல்லில் இருந்து முழுவதுமாகத் திரும்பி அவரைப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அவருக்குத் தானும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. சித்தி சோறு போட்டார், மீன் வைத்தார். அவர் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு, இலையை மடித்து, எல்லோருக்கும் பொதுவாகத் தலையாட்டிவிட்டுத் தாய்க்குப் பின்னால் போனார்.

நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்று நினைவில்லை. ஆனால் அதற்குப் பிறகுதான் அப்பாவின் தூண்டிலில் அந்த விரால் பிடிபட்டது. தடி வளைந்து தண்ணீரைத் தொட்டது. அப்பா அன்றைக்கு முதன்முதலாகக் குரல் எடுத்துக் கத்தினார். மீன் கரைக்கு வந்து, தூண்டிலைக் கழற்றிக்கொண்டு சேற்றுக்குள் துள்ள, சித்தப்பா அதன் மேலேயே குப்புற விழுந்து உடுத்திருந்த சாரத்தால் அமுக்கிப் பிடித்தார். தலை முதல் கால் வரை சேறு. அக்காவும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சித்தி சட்டி கழுவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே கழுவிய சட்டி.

வெயில் சாய லாண்ட்மாஸ்டரில் திரும்பினோம். பெட்டியில் அம்மாவும் சித்தியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வயல்வெளி வந்த பிறகு சித்தி கேட்டார்.

"அக்கா, அவங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு நான் வவுனியாவுல இருந்தேனே. அது தெரியாமத்தானே அந்த நாள வச்சீங்க?"

எஞ்சின் சத்தம் பெரிதாக இருந்தது. கேட்கவில்லை என்று அம்மா இருந்திருக்கலாம்.

"தெரிஞ்சுதான்" என்றார் அம்மா. "நான்தான் பார்த்து வைச்சனான்."

சித்தி சரி என்பதுபோலத் தலையாட்டினார். வாய்க்கால் ஓரத்தில் காலையில் கண்ட வயற்காரர்கள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். சித்தியைக் கண்டு கை காட்டினார்கள். சித்தியும் கையை உயர்த்தினார். கூப்பிடவில்லை.

வீட்டு வாசலில் இறங்கியபோது அம்மா, "விரால் கிடக்கு பிள்ளை. இரவைக்கு இஞ்சை சாப்பிடுவம், வா" என்றார்.

"இன்னைக்கு வேணாம் அக்கா" என்று சொல்லிவிட்டுச் சித்தி, பக்கத்து வளவில் கூரை போட்டுக் குடிபோயிருந்த தன் வீட்டுப் பக்கம் நடந்தார். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுச் சித்தி வேண்டாம் என்றதை நான் அன்றுதான் கேட்டேன்.

அடுத்த நாளும் வரவில்லை. அதற்கடுத்த நாளும். இரண்டு வளவுக்கும் இடையில் வேலி இடைவெளி ஒன்று இருந்தது. அதால் சித்தப்பா மட்டும் வந்து போனார். இதற்குள் அந்த மாப்பிள்ளை தானாகவே அப்பாவுக்கு ஃபோன் எடுத்தார். தாயைத் தான் சமாளிப்பதாகவும், மறுபடி பேசலாமா என்றும் கேட்டார். அம்மாவுக்குக் கொஞ்சம் ஆசை இருந்தது. அக்கா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்:

"நல்ல பெடியன்தான். ஆனால் அவர் சோத்துக்குத்தான் வாய் திறந்தவர் அம்மா. எனக்காகத் திறக்கேல்லை. எனக்கு அந்தளவு காணாது."

அடுத்த திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போனாள். இரண்டு வருடம் கழித்துக் கனகராயன்குளத்து ஆசிரியர் ஒருவரை அவளே விரும்பிக் கட்டினாள். பெண் பார்க்க அவர் வீட்டார் வந்த அன்று வாசலில் நின்று வரவேற்றது சித்திதான். அவர்களுடைய டிரைவரையும் விடாமல் கூட்டி வந்து இருத்தினார். அது பிந்திய கதை.

அக்கா வேலைக்குப் போன அந்தக் காலை அம்மா ஒரு தட்டில் பலகாரம் எடுத்து வைத்தார். கொஞ்சம் யோசித்தார். மறுபடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "வெறுங்கையோடை போவம், வா" என்று என்னைக் கூட்டிக்கொண்டு வேலி இடைவெளியால் போனார்.

சித்தி குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டும் எழும்பவில்லை. அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"பசிக்குது பிள்ளை" என்றார்.

சித்தி அம்மாவைப் பார்த்தார். அந்த வீட்டுக்குக் கூரை போட்ட நாளிலிருந்து அம்மா அங்கே வந்து போயிருக்கிறார், கதைத்திருக்கிறார். ஆனால் ஒருநாளும் வாய் நனைத்ததில்லை. கேட்டால் விரதம் என்பார்.

"இன்னைக்கு விரதம் இல்லையா அக்கா?" என்று கேட்டார் சித்தி.

"இல்லை."

சித்தி எழும்பினார். கோப்பையை எடுத்து ஒருமுறை கழுவி, துடைத்து, சூடான ரொட்டி ஒன்றும் கட்டச்சம்பலும் வைத்து அம்மாவின் முன்னால் வைத்தார். அம்மா பிய்த்துச் சாப்பிட்டார். உறைப்பில் மூக்கால் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்.  முதல் ரொட்டி முடிய, கேட்காமலே இன்னொன்று விழுந்தது. காணும் காணும் என்று அம்மா கையால் மறைக்க, அந்தக் கையை விலக்கிவிட்டு மூன்றாவதையும் போட்டார்.

"எனக்கு?" என்றேன் நான்.

"உனக்கு யாரு குடுக்கமாட்டேன்னது? போய்க் கையக் கழுவு" என்றார் சித்தி. குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. ஆனால் சித்தியின் குரல்தான்.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தபோது அம்மா அவருக்கு மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு நின்றார்.

"உனக்கு?"

"எனக்கு வேண்டாம். வயிறு நிறைஞ்சு கிடக்கு."

"எங்கை சாப்பிட்டனீ?"

"தங்கச்சி வீட்டை" என்று சொல்லிவிட்டு அம்மா தண்ணீர் எடுக்கப் போனார்.

அம்மா தன் தாய்வீட்டில் ஒரே பெண். அப்பா கையில் சோற்றோடு வேலி இடைவெளிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.